வன்னியில் கறுப்பு வெள்ளையில் முகம் எடுக்கப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிரிண்டை அந்த ஆச்சி கையால்கூடத் தொடவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வீடு. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், கறுப்பு வெள்ளை, நல்ல மரப் பிரேம். வாசலில் வைத்துப் பேப்பரைப் பிரித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, என்னை இப்பவே சுவரிலை ஏத்திப்போட்டியள்? நான் உயிரோடைதானே இருக்கிறன்.”

எங்கள் வீடுகளில் பிரேம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் சுவரில் தொங்கினால், அதன் மேல் மாலை இருக்கும், கீழே சின்னச் சிவப்பு மின்குமிழ் எரியும். இது எனக்குத் தெரியாததல்ல. கமெராவைத் தூக்கியதும் மறந்துபோனது, அவ்வளவுதான்.

ஒன்றரை வருடத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 43 பேரை எடுத்தேன். காசு வீணானது, பயணம் வீணானது, சில இடங்களில் ஆட்களின் மனமும் நொந்தது. இதில் பெரும்பாலானதைத் தவிர்த்திருக்கலாம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நடந்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. முதல் பயணம் கமெரா இல்லாமல்

நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மிச்சம் பிடிக்கக்கூடிய நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. வன்னிச் சனம் கமெராவுக்குப் புதிதல்ல. 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ பேர் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியவர்கள் குறைவு. அதனால் புது ஆள் கமெராவோடு ஒழுங்கைக்குள் இறங்கினால் இரண்டு கேள்விதான் வரும். “எந்த நிறுவனம்?” “ஏதும் உதவி வருமோ?”

இரண்டாவது கேள்விக்கு முதல் நாளே நேராகப் பதில் சொல்லுங்கள்: உதவி வராது, வீடு வராது, பெயர்ப்பட்டியல் எதிலும் சேராது, படம் மட்டும் தருவேன். நான் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மழுப்பினேன். ஒரு குடும்பம் மூன்று மாதமாக வாழ்வாதார உதவி வரும் என்று காத்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்த வீட்டில் எடுத்த படங்களை நான் எங்கும் பாவிக்கவில்லை.

போனால் இருந்து கதையுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வேண்டாம் என்பது மரியாதை அல்ல. வெறுங்கையோடு போகாமல் ஒரு விசுக்கோத்துப் பக்கற்றோ, சீனி தேயிலையோ கொண்டுபோகலாம். காசு கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் கொடுத்தால் அடுத்த வீட்டில் முகம் விலைக்கு வரும்.

2. கடதாசி வேலை

ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் சம்மதத்தோடு இருந்தால் அவரை எடுக்க எந்த அலுவலகக் கடிதமும் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும். அயலட்டை கேட்கும். சில வேளை வீதியில் சீருடையில் நிற்பவரும் கேட்பார். கையில் கடிதம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற கதை, இல்லாவிட்டால் அரை நாளைத் தின்னும்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோக்கொப்பி இரண்டும், நீங்கள் யார், என்ன எடுக்கிறீர்கள், எதற்கு என்று ஒரே பக்கத்தில் எழுதிய கடிதம், கிராம அலுவலருக்கு அதைக் கொடுத்ததற்கு அடையாளமாக அவர் ஒப்பமிட்ட பிரதி. கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்திருங்கள். இரண்டாவது மொழி எனக்கு இரண்டு தடவை கைகொடுத்தது.

கிராம அலுவலரை, ஊரில் சொல்கிற ஜீ.எஸ்.ஸைப் பார்க்கப் போகுமுன் அவருடைய அலுவலக நாள் எது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். மற்ற நாட்களில் அவர் வெளிவேலையில் நிற்பார். நான் மாங்குளத்திலிருந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தது ஒரு தடவை அல்ல. பல கிராமங்களில் எடுப்பதென்றால் பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. பதிலுக்கு இரண்டு மூன்று கிழமை ஒதுக்கி வையுங்கள்.

பாடசாலைக்குள் எடுப்பதென்றால் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். வைத்தியசாலையும் கோயிலும் அப்படித்தான். முகாம், காவலரண், அவற்றின் வேலி எதுவும் பின்னணியில்கூட விழக் கூடாது.

இனி, சம்மதப் பத்திரம். இணையத்தில் கிடைப்பதை மொழிபெயர்த்து இரண்டு பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அதைக் கண்டதும் சனம் கடன் பத்திரமோ, காணிப் பத்திரமோ என்று பயந்தது. பிறகு இப்படிச் சுருக்கினேன்:

“இந்தப் படத்தை எடுத்தவர் இன்னார். இது கண்காட்சியில் வைக்கப்படலாம் / புத்தகத்தில் வரலாம் / இணையத்தில் வரலாம். எனக்கு விருப்பமானதற்கு மட்டும் சரி அடையாளம் போட்டிருக்கிறேன். இதற்காகக் காசோ உதவியோ தருவதாக யாரும் சொல்லவில்லை. எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவார்கள். சொல்ல வேண்டிய தொலைபேசி இலக்கம் இது.”

கீழே ஒப்பம் அல்லது பெருவிரல் அடையாளம், திகதி. இரண்டு பிரதி, ஒன்று அவர்களுக்கு. வாசிக்கத் தெரிந்தவருக்கும் நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடி இல்லாததால் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று இடங்களுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். “கொழும்பிலை தொங்கவிடு, பேஸ்புக்கிலை மட்டும் வேண்டாம்” என்று சொன்னவர்கள் என் கணக்கில் பன்னிரண்டு பேர்.

ஒப்பத்தைப் படம் எடுக்க முன் வாங்காதீர்கள். எடுப்பதற்கு வாய்ச் சம்மதம், வெளியிடுவதற்கு எழுத்துச் சம்மதம். பிரிண்டைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குகிற ஒப்பம்தான் ஒப்பம். பார்க்காத படத்துக்கு எப்படிச் சம்மதிப்பது? 43 பேரில் 31 பேர் ஒப்பமிட்டார்கள். மிச்சப் பன்னிரண்டு பேரின் படத்தை நான் எங்கும் வெளியிடவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ ஒப்பமிட வேண்டும்; ஆனால் பிள்ளை மறுத்தால் பெரியவரின் ஒப்பம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

3. சாமான்

குறைவாகக் கொண்டுபோங்கள். பெரிய லென்ஸ், குடை, ஸ்ராண்ட் என்று இறக்கினால் ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், இருக்கிறவர் இறுகிப்போவார். சாதாரணக் கமெரா ஒன்று, 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, இரண்டு பற்றரி, இரண்டு கார்ட். அதோடு நாலு முழம் வெள்ளை வேட்டியும் அதேயளவு கறுப்புத் துணியும். வேட்டி வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்க, கறுப்புத் துணி பின்னணியை மறைக்க அல்லது ஒரு கன்னத்தில் நிழலைக் கூட்ட. கடையில் விற்கிற றிஃப்ளெக்டரை விட்டுவிடலாம்.

போனில் எடுப்பதும் சரிதான். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பிரிண்டுக்கு 2400க்கு 3600 புள்ளி போதும், அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. ஆனால் இரண்டு விஷயத்தை முதலில் நிறுத்துங்கள். ஒன்று, முகத்தை வெளுப்பாக்கி மினுக்குகிற அழகாக்கும் வசதி. மற்றது, பின்னணியைப் பொய்யாகக் கலங்கடிக்கிற போர்ட்ரெய்ட் மோட். நரைத்த தலைமயிரின் ஓரத்தைக் கத்திரிக்கோலால் வெட்டியது மாதிரி ஆக்கிவிடும்.

பிலிம் ஆசை இருந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிலிம் கழுவுகிற மருந்துகளுக்குக் கொடுத்திருக்கும் நேரம் பெரும்பாலும் 20 பாகைத் தண்ணீருக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைவிட நன்றாகச் சூடு. ஐஸ்கட்டி போட்டுத் தண்ணீரை ஆற்றிக்கொண்டு நிற்கிற வேலை முதல் வருடத்துக்கு வேண்டாம்.

கமெராவை இப்படி வையுங்கள்: ரோ கோப்பும் ஜேபெக்கும் சேர்த்து, படப் பாங்கு மொனோகுரோம். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும். ரோவில் நிறம் அப்படியே பத்திரமாக இருக்கும். அந்த நிறம் பிறகு எவ்வளவு தேவைப்படும் என்பதை எட்டாவது படியில் பாருங்கள். அப்பேச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்4, ஷட்டர் 1/125 செக்கன், கை வேலை செய்துகொண்டிருந்தால் 1/250. புது லென்ஸ் வாங்கியவர்கள் எஃப்1.8ஐ விட்டு இறங்க மாட்டார்கள். ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சர் உள்ள சாதாரணக் கமெராவில் ஒன்றேகால் மீற்றர் தூரத்தில் அப்படித் திறந்தால் தெளிவு நாலு சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். ஒரு கண் தெளிவு, மற்றக் கண் புகை.

4. நாளும் நேரமும்

நெல் வெட்டுக் காலத்தில் போகாதீர்கள். காலபோகம் வெட்டுகிற மாசி, பங்குனியில் யாருக்கும் உங்களோடு இருக்க நேரமில்லை. வைகாசி தொடக்கம் சோளகக் காற்று புழுதியை அள்ளி லென்ஸில் போடும். எனக்குப் பிடித்தது கார்த்திகை, மார்கழி. மழைக்கால வானம் முழுவதும் வெள்ளைத் துணி கட்டியது மாதிரி, மென்மையான வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கும். வீதிதான் சேறு, மோட்டார் சைக்கிளில் போனால் கமெராவை இரண்டு பொலித்தீன் பையில் கட்டுங்கள்.

வெயில் நாட்களில் காலை ஆறரை முதல் எட்டரை வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. நடுமத்தியான வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். வீட்டுக்குள் வாருங்கள்.

மே 18 அன்று முள்ளிவாய்க்கால் பக்கம் முகம் எடுக்கும் நோக்கத்தோடு போக வேண்டாம். அங்கே அழுகிறவர்கள் உங்கள் படத்துக்காக அழவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வேண்டுமானால் போங்கள், கூட்டம் எடுக்கலாம். இந்த வேலைக்கு அது உதவாது.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். பரந்தனிலிருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். போய்வர 100. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டே கால் லீற்றர் பெற்றோல். ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்று பயணம்: கதைக்க, எடுக்க, கொடுக்க. ஒரே ஊரில் நாலு பேரைச் சேர்த்து வைத்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு நாளில் மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள்; நாலாவது ஆளின் கதையைக் கேட்க உங்களுக்குக் காது இருக்காது.

5. எங்கே இருத்துவது

வீட்டுத் திட்ட வீடுகளில் முன் விறாந்தையோ, திறந்த முன் கதவோ இருக்கும். கதவு நிலையிலிருந்து ஒரு முழம் உள்ளே, முகம் வெளியே பார்க்கக் கதிரையைப் போடுங்கள். நீங்கள் வாசற்படியில், அவர் கண் மட்டத்தில் இருங்கள். பாயில் இருந்தால் நீங்களும் பாயில். முற்றத்து மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். நாடிக்குக் கீழே நிழல் மெதுவாகும், கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டு விழும். கூரை கிடுகென்றால் சின்ன ஓட்டைகளால் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழும், கவனம்.

யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தினால் கமெரா யன்னலைப் பார்த்துப் பயந்து முகத்தைக் கரியாக்கிவிடும். இன்னொரு பொறி இதற்கு எதிர்ப்பக்கம். ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பொட் மீற்றரைக் கறுத்த முகத்தில் வைத்தால், கமெரா அதை நடுச் சாம்பல் நிறத்துக்கு இழுத்து வெளுப்பித்துவிடும். அரையிலிருந்து ஒரு ஸ்டொப் குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). எங்கள் ஆட்களின் நிறம் பிழை அல்ல, திருத்துவதற்கு.

பின்னணி பார்க்கும்போது கண்ணை நம்பாதீர்கள், திரையை நம்புங்கள். பச்சை வேலிக்கு முன்னால் சிவப்புச் சேலை கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆள் வேலிக்குள் கரைந்துபோவார்.

6. முகம்

இதைத்தான் கேட்க வந்திருப்பீர்கள். உணர்ச்சியை எப்படி எடுப்பது?

முதலில் அவர்களுக்கு வேண்டிய படத்தை எடுங்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு ஐயா. வாடிக்குள், மீனவர்களின் கரைக் கொட்டிலுக்குள், வலை பொத்திக்கொண்டிருந்தார். வெறும் மேல், தோளில் துவாய், பெருவிரலில் நைலோன் நூல் சுற்றியிருந்தது. எனக்கு அந்தக் கோலமே போதும். ஆனால் படம் என்றதும் எழும்பிப் போனார். இருபது நிமிடம் ஆளைக் காணவில்லை. வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியபடி, தண்ணி தொட்டுத் தலை வாரி, திருநீறு பூசி வந்தார். கை இரண்டையும் துடையோடு ஒட்டி அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பது மாதிரி நின்றார்.

முந்திய நான் என்றால், “ஐயா, முதல் இருந்த மாதிரியே இருங்கோ” என்று சொல்லியிருப்பேன். அன்று சொல்லவில்லை. அவர் நின்றபடியே ஆறு படம் ஒழுங்காக எடுத்தேன், காட்டினேன். “சரி, நல்லாயிருக்கு” என்றார். கடமை முடிந்தது. கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, சேட்டோடேயே திரும்ப வலைக்கு முன் இருந்தார். இந்த நூல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். கதைத்துக்கொண்டு போனார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒரு தடவை கடலைப் பார்த்தார். அந்தப் படம்தான்.

கதைக்கும்போது எடுக்காதீர்கள், வாய் கோணும். கதை முடிந்து அடுத்த கேள்விக்கு இடையில் இரண்டு மூன்று செக்கன் இருக்கிறது பாருங்கள், அதற்குக் காத்திருங்கள். அடுத்த கேள்வியை உடனே கேட்டு அந்த இடைவெளியை நிரப்புவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. பெரும்பாலும் மூச்சை விட்ட பிறகு தோள் ஒரு அங்குலம் இறங்கும், அப்போது அமத்துங்கள்.

“சிரியுங்கோ” என்று சொன்னால் வாய் மட்டும் சிரிக்கும். உண்மையான சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசை சுருங்கிக் கீழிமை மேலே ஏறும். அதைக் கேட்டு வாங்க முடியாது. பேரப்பிள்ளை பக்கத்தில் வந்தால் தானாக வரும். “சோகமாப் பாருங்கோ” என்று சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். மாமரத்தைப் பற்றி, மாட்டைப் பற்றி, இந்த முறை இரணைமடுக் குளத்தில் தண்ணி எவ்வளவு என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள். அழுதால் கமெராவைத் தரையில் வையுங்கள். கழுத்தில் தொங்கவிடுவதல்ல, தரையில். அன்றைக்கு அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை என்றாலே கண்ணீரும் சுருக்கமும் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. என் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, கோழியைத் துரத்திவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு அக்காவின் படம். அதில் ஒரு சோகமும் இல்லை.

7. கையில் படம் வைத்திருப்பவர்கள்

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தலிலிருந்து ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுவரை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் அம்மாக்களை நீங்கள் காண்பீர்கள். அவர்கள் விரும்பினால் மட்டும் எடுங்கள். எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் படம் பெரும்பாலும் லமினேட் செய்தது. வானம் அதில் வெள்ளையாக அடித்துப் பிள்ளையின் முகத்தை அழித்துவிடும். படத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சரிக்கச் சொல்லுங்கள், அல்லது எதிரே கறுப்புத் துணியைப் பிடியுங்கள். அம்மாவின் முகம் தெளிவாகவும் பிள்ளையின் முகம் வெள்ளைப் பளபளப்பாகவும் உள்ள படத்தை அந்த அம்மாவிடம் கொடுக்க முடியாது.

“இதையும் ஒருக்கால் எடுத்துத் தாங்கோ தம்பி” என்று கேட்பார்கள். இடப்பெயர்வில் அல்பங்கள் போய், இருப்பது அந்த ஒரு பிரதிதான். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். லமினேட்டை உரிக்காமல், பாயில் வைத்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாக விழும் இடத்தில், கமெராவைப் படத்துக்கு நேர் மேலே சமாந்தரமாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் அங்கேயே எடுங்கள். பத்து நிமிட வேலை. முகப்படம் ஒன்றும் எடுக்காமல் இதை மட்டும் செய்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

8. கறுப்பு வெள்ளையாக மாற்றுவது

நிறத்தை ஒரே அழுத்தில் எடுத்துவிடுகிற பொத்தானைப் பாவிக்காதீர்கள். எல்லாம் சாம்பல் களியாகும். லைட்ரூம் மென்பொருளிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்பிலோ ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். போனில் ஸ்னாப்சீட்டில் நிற வடிகட்டிகள் இருக்கின்றன. தோல் இருப்பது செம்மஞ்சளிலும் சிவப்பிலும். அவற்றைக் கூட்டினால் தோல் வெளிக்கும், வடு, தழும்பு மறையும். நீல வடிகட்டியைப் போட்டால் தோல் கறுத்து ஒவ்வொரு சுருக்கமும் கத்திக்கீறல் மாதிரி எழும்பும்.

இந்தச் சிவப்பில்தான் நான் பெரிய பிழை விட்டேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அக்கா. வெயிலில் திட்டுத் திட்டாக இருந்த கன்னத்தைச் சீராக்கச் சிவப்பை நன்றாகக் கூட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. பிரிண்டைக் கொடுத்தேன். வாங்கி, கிட்டப் பிடித்து, பெருவிரலால் நெற்றியைத் தடவிப் பார்த்தார். தூசி என்று நினைத்திருப்பார்.

“என்ர பொட்டு எங்கை தம்பி?”

குங்குமம் சிவப்பு. சிவப்பைக் கூட்டியதும் அது தோலின் சாம்பலோடு கலந்துபோனது. அவருடைய கணவர் 2009இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். வருவார் என்று சொல்லித்தான் அந்தப் பொட்டை அவர் ஒவ்வொரு நாளும் வைக்கிறார். ஊரில் சிலர் அதற்கும் கதை சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு ஸ்லைடரை இழுத்து அதை அழித்துக் கொடுத்திருக்கிறேன்.

ரோ கோப்பு இருந்ததால் அன்றிரவே சிவப்பைக் குறைத்துத் திரும்பச் செய்தேன். பொட்டு கறுப்பாக, வட்டமாக நின்றது. கன்னத்துத் திட்டும் நின்றது. நிற்கட்டும். அதன் பிறகு பெண்களின் படத்தில் நான் முதலில் பார்ப்பது நெற்றியை, அடுத்தது தாலிக்கொடியை, பிறகுதான் கண்ணை. நிறப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சிறியவை சில. நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்த படத்தில் சிவப்பு வெளிச்சம் குறைவு; பிறகு சிவப்பைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சுருக்கங்களை எடுப்பாக்குகிற கிளாரிட்டி என்கிற சாமானைப் பத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். வயது போன மனுசியின் முகத்தைப் பாலை மரப் பட்டையாக்கி அதற்குக் கைதட்டு வாங்குவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கண் வெள்ளையை வெளுக்காதீர்கள்.

9. பிரிண்ட்

செலவின் பெரும்பகுதி இங்கே. என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் பிரிண்டுக்கும் பிரேமுக்கும்தான் போனது. கமெராக் காசைப் பற்றி யோசிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பிரதி, நாற்பது பேர் என்றால் 80 பிரிண்ட். 50க்கு மேல் ஒன்றாகக் கொடுத்தால் விலை குறைப்பீர்களா என்று ஸ்ரூடியோவில் கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.

சாதாரண ஸ்ரூடியோ மெசினில் ஓடுவது நிறப் படப் பேப்பர். கறுப்பு வெள்ளையை அப்படியே போட்டால் பச்சை சாயும், அல்லது ஊதா சாயும். எனக்கு முதல் தொகுதி 24 பிரிண்டும் பாசி பிடித்த மாதிரி வந்தது; காசு போனது போனதுதான். தானாக நிறம் திருத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள், எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான நிற ஒழுங்கில் ஜேபெக்காகக் கொடுங்கள், முழுத் தொகுதிக்கு முன் நாலுக்கு ஆறில் ஒன்றே ஒன்று அடித்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைற்றுக்குக் கீழே எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிரிண்ட் இருட்டாக வந்தால் பிழை பெரும்பாலும் உங்கள் திரையில். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் திரும்பத் திருத்துங்கள். மினுங்காத மட் பேப்பர் நல்லது, கைரேகை தெரியாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பிரதியும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியும் கொடுங்கள். ஒட்டுசுட்டான் ஆச்சிக்கும் பிறகு அப்படித்தான் கொண்டுபோனேன். நிறப் படம் அன்றைக்கே சுவருக்குப் போனது. கறுப்பு வெள்ளையை நன்றாகப் பார்த்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டு, “இதை அலுமாரிக்குள்ளை வை, பிறகு தேவைப்படும்” என்றார்.

10. கொடுப்பதும் வெளியிடுவதும்

எடுத்து மூன்று கிழமைக்குள் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். தபாலை நம்பினால் ஒழுங்கை தேடி அலையும். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பெயர், ஊர், படத்தின் இலக்கம், எத்தனை பிரதி, கொடுத்த திகதி, எங்கே வெளியிடலாம் என்று கோடு போட்டு எழுதுங்கள். கொப்பியை வீட்டில் வையுங்கள், பையில் கொண்டு திரிய வேண்டாம்.

இணையத்தில் போடுமுன் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக் குறிப்பை அழியுங்கள். போனில் அதை முதலே நிறுத்திவிடலாம். முழுப்பெயரும் கிராமமும் சேர்த்துப் போடாதீர்கள். ஒருவருடைய பழைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது; முகத்தை யார் எதற்குத் தேடுவார்கள் என்றும் தெரியாது. எடுத்துவிடச் சொல்லி அழைப்பு வந்தால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுங்கள். எனக்கு இரண்டு வந்தது. ஒன்று, மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். மற்றவர் காரணம் சொல்லவில்லை.

கொடுத்த பிறகு கொப்பியில் அந்த வரியைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். என்னுடையதில் இன்னும் ஒரு வரி வெட்டப்படவில்லை. துணுக்காயில் எடுத்த ஒரு அப்பு. நான் பிரிண்டோடு போக முன் மகளோடு எங்கேயோ போய்விட்டார், அயலுக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பிரதியும் காட்போட் மட்டைக்குள் வைத்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சந்திக் கடையில் விசாரித்துக்கொண்டு வருகிறேன்.